காவலாளி விழித்திருக்கிறானா?



மாலை நேரம். கோலசிலாங்கூர்ப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் கொடியில் காயும் துணியை எடுக்கப் பெண்கள் ஓடுகிறார்கள். பளிச்சென்று ஒரு மின்னல். காதைப் பிளக்கும் இடி. அடுத்த கணம் வீட்டில் விளக்கு அணைகிறது. மின்விசிறி தள்ளாடி நிற்கிறது. "பாழாய்ப்போன கரண்டு போய்விட்டது" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். தொலைக்காட்சியில் நாடகம் பாதியில் நின்றுபோன கோபம் நமக்கு!

அந்தக் கோபத்தைச் சற்றே தள்ளிவைத்து, நடந்தது என்ன என்று பாருங்கள். மின்னல் தாக்கிய கம்பியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. அதை அப்படியே விட்டிருந்தால் கம்பி உருகியிருக்கும், மின்மாற்றி தீப்பிடித்திருக்கும். ஒரு நொடிகூட ஆவதற்குள் யாரோ அதைக் கண்டுபிடித்து, "நிறுத்து!" என்று கட்டளையிட்டுவிட்டார்கள். அந்த "யாரோ" மனிதர் அல்லர். துணை மின்நிலையத்தில் இரும்புப் பெட்டிக்குள் அமர்ந்திருக்கும் ஒரு சிறு கருவி. பாதுகாப்பு ரிலே என்று அதற்குப் பெயர்.

இந்த ஊமைக் காவலாளியைப் பற்றியும், அவன் விழித்திருக்கிறானா, உறங்குகிறானா என்று சோதிக்கும் தொழிலைப் பற்றியும் இன்று பேசுவோம். நம் பிள்ளைகளின் பிழைப்பும் நம் வீட்டாரின் உயிரும் இதில் கலந்திருப்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண், புத்தி, கை

பழைய வீடுகளில் பீங்கான் பியூஸ் இருந்தது நினைவிருக்கிறதா? கரண்டு மிகுந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி உருகி அறுந்துவிடும். எளிய ஏற்பாடு. ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் பெரிய கம்பிகளுக்கும், ஆலைகளின் பெரிய இயந்திரங்களுக்கும் பல இடங்களில் அது போதாது. அங்கே மூன்று பேர் சேர்ந்து காவல் காக்கிறார்கள்.

முதலாவது, சி.டி. எனப்படும் மின்னோட்ட மாற்றி. இது கண். கம்பியில் ஓடும் பெரிய மின்னோட்டத்தைச் சிறிய அளவாக்கிக் காட்டும். 100 ஆம்பியர் ஓடினால் 5 ஆம்பியர் என்று காட்டும். இரண்டாவது, ரிலே. இது புத்தி. கண் காட்டியதைப் பார்த்து, "இது வழக்கமான சுமையா, ஆபத்தா?" என்று தீர்மானிக்கும். மூன்றாவது, பிரேக்கர். இது கை. ரிலே கட்டளையிட்டதும் பட்டென்று இணைப்பைத் துண்டிக்கும்.

இந்த மூன்றில் ஒன்று பழுதானாலும் காவல் இல்லை. ஆனால் வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். விளக்கு எரியும், மோட்டார் ஓடும், பெட்டியில் பச்சை விளக்கு மின்னும். உறங்கும் காவலாளியும் விழித்திருக்கும் காவலாளியும் திருடன் வராத இரவில் ஒன்றுபோலவே இருப்பார்கள் அல்லவா?

ரவாங்கில் தொடங்கிய கதை

மின்சாரத்துக்கும் வட சிலாங்கூருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. இந்த நாட்டில் மின்சார உற்பத்தி பற்றிய முதல் பதிவே ரவாங்கிலிருந்துதான் தொடங்குகிறது. 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் அங்கே தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக ஒரு மின் உற்பத்தி இயந்திரத்தை நிறுவினார்கள். சுரங்கத்து நீரை மின்சார பம்பு கொண்டு இறைத்தவர்களில் இந்த நாட்டில் அவர்களே முன்னோடிகள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலைக் கோயிலையும் நமக்குத் தந்த அதே தம்புசாமி பிள்ளைதான்! மலாயாவில் மின்சாரம் பிறந்தபோது தொட்டிலருகே ஒரு தமிழர் நின்றார் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

பின்னர் 1949இல் மத்திய மின்சார வாரியம் வந்தது. 1955இல் கிள்ளான் அருகே கன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் திறக்கப்பட்டது. 1965இல் வாரியத்தின் பெயர் லெம்பாகா லெட்ரிக் நெகாரா என்று மாறியது. 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் வழியில் காப்பாரில் 1980களில் பெரிய மின்நிலையமும் எழுந்தது.

தோட்டத்துக் கதை வேறு. பல தோட்டங்களில் சொந்த ஜெனரேட்டர்தான். பொழுது சாய்ந்ததும் லயத்து வீடுகளில் விளக்கு எரியும். இரவில் குறித்த நேரம் வந்ததும் அணைந்துவிடும். அந்த நாளில் கோளாறு ஏற்பட்டால் அந்தத் தோட்டம் மட்டுமே இருட்டில் கிடந்தது. இன்று கெடாவிலிருந்து ஜொகூர் வரை ஒரே மின்வலையில் கோக்கப்பட்டிருக்கிறோம். நன்மை பெரிது, பயமும் அதற்கேற்பப் பெரிது. ஒரு மூலையில் நேர்ந்த கோளாறு அங்கேயே வெட்டப்படாவிட்டால் சங்கிலிபோல் பரவிவிடும்.

1996 ஆகஸ்டு 3ஆம் தேதி மாலையில் தீபகற்பம் முழுவதும் இருண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். திரங்கானுவில் பாக்கா மின்நிலையத்தின் அருகே ஒரு மின்தொடர் துண்டிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து தீபகற்பத்தின் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. எங்கோ கிழக்குக் கரையில் நடந்ததற்குச் சபாக் பெர்ணத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டியதாயிற்று!

சொன்னதைச் செய்தது, சொன்னதுதான் பழையது

ரிலே பழுதானால்தான் ஆபத்து என்று எண்ணாதீர்கள். பழுதில்லாத ரிலேயும் நாட்டை இருட்டாக்கும். 1965 நவம்பர் 9ஆம் தேதி மாலை அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் சுமார் 3 கோடி மக்கள் இருளில் மூழ்கினார்கள். நியூயார்க் நகரில் சுரங்க ரயில்களும் மின்தூக்கிகளும் பாதி வழியில் நின்றன. காரணம் நயாகரா அருகே ஒரு மின்நிலையத்தில் இருந்த ஒரே ஒரு ரிலே.

அந்த ரிலே கெட்டுப்போகவில்லை. "இந்த அளவைத் தாண்டினால் துண்டித்துவிடு" என்று சில காலத்துக்கு முன் அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதன் பிறகு மக்களின் மின்தேவை வளர்ந்தது. கம்பியில் ஓடிய சுமையும் வளர்ந்தது. ரிலேயில் வைத்த அளவு மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அன்று மாலை சுமை அந்த அளவைத் தொட்டது. ரிலே தன் கடமையைச் செய்தது. அந்தக் கம்பியின் சுமை பக்கத்துக் கம்பிகள் மேல் விழ, அவையும் வரிசையாகத் துண்டிக்கப்பட்டன.

இந்தியாவில் 2012 ஜூலை 30ஆம் தேதியும் மறுநாளும் நடந்தது இதற்கு நெருங்கிய உறவு. பீனா–குவாலியர் மின்தொடரில் பழுது ஏதும் இல்லை. சுமைதான் மிக அதிகம். அந்தச் சுமையைப் பழுது என்று எடுத்துக்கொண்டு ரிலே துண்டித்தது. இரண்டாம் நாளில் 60 கோடி மக்களுக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். தென்னிந்திய மின்வலை அப்போது வடக்கோடு முழுமையாக ஒன்றிணையாததால் தமிழ்நாடு தப்பியது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? காவலாளியை வேலைக்கு வைத்தால் மட்டும் போதாது. எதைத் தடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சரியாகச் சொல்ல வேண்டும். சொன்னதை அவன் புரிந்துகொண்டானா என்று சோதிக்க வேண்டும். காலம் மாறினால் திரும்பவும் சொல்ல வேண்டும். சொல்வதும் சோதிப்பதும் ஒரு தொழில். அதைக் கையால் செய்து பழகினால்தான் வரும்.

பயிற்சி மேசையில் நடப்பது

ஒரு நல்ல பயிற்சிக்கூடத்தில் என்ன கற்றுத் தருகிறார்கள்? முதல் பாடம் மின்சாரத்தைப் பற்றியதே அல்ல, உயிரைப் பற்றியது. இணைப்பைத் துண்டி. பூட்டுப் போடு. "ஆள் வேலை செய்கிறார்" என்று அட்டை மாட்டு. கரண்டு இல்லை என்று கருவி வைத்துப் பார். அதன் பிறகே கை வை. இந்த வரிசையை மாற்றுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மேசையை விட்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாம் பாடம், சி.டி.யின் கம்பியை மின்னோட்டம் ஓடும்போது ஒருபோதும் திறந்து விடாதே என்பது. பார்க்கச் சாதுவாக இருக்கும் அந்த இரண்டு முனைகளைத் திறந்துவிட்டால், அவற்றின் இடையே ஆளைக் கொல்லக்கூடிய உயர் மின்னழுத்தம் எழும். ரிலேயைக் கழற்றும் முன் அந்த முனைகளைக் குறுக்கே இணைத்துவிட வேண்டும். புத்தகத்தில் இது ஒரே ஒரு வரி. கையால் இருபது முறை செய்தால்தான் விரல்களுக்கு அது மனப்பாடமாகும்.

அடுத்துக் கணக்கு. ஒரு செம்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். நம் வட்டாரத்துக்குப் பொருத்தமான உதாரணம்தான். இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டதே, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டில்! பெயரிலேயே தமிழ் மணக்கிறது, பாருங்கள்.

ஆலையின் ஒரு பகுதிக்குப் போகும் கம்பியில் வழக்கமாக 80 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆம்பியரைத் தாண்டினால் ரிலே கவனிக்கத் தொடங்க வேண்டும். ஆனால் உடனே துண்டிக்கக் கூடாது. மோட்டார் கிளம்பும்போது சிறிது நேரம் கரண்டு கூடுவது இயல்பு. ஆகவே மிகுதி சிறிதானால் பொறுமை, பெரிதானால் வேகம் என்ற விதியில் அது இயங்கும். பரவலாக வழங்கும் ஒரு வளைகோட்டின்படி, நேர அளவை 0.1 என்று வைத்தால், இரு மடங்கு மின்னோட்டத்தில் 1 நொடியிலும், ஐந்து மடங்கில் 0.43 நொடியிலும், பத்து மடங்கில் 0.3 நொடியிலும் ரிலே கட்டளையிட வேண்டும்.

இப்போது சோதனை. ஒரு பெட்டியிலிருந்து ரிலேக்குள் அளந்த மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். இதைத் தொழிலில் "இன்ஜெக்‌ஷன் டெஸ்ட்" என்றே சொல்வார்கள். டாக்டர் ஊசி போடுவதுபோல்தான். ஆலையின் 200 ஆம்பியருக்குப் பதில் இங்கே 10 ஆம்பியர். கடிகாரம் ஓடுகிறது. 1 நொடியில் ரிலே "டக்" என்கிறதா? 3 நொடி ஆகிறதா? சத்தமே இல்லையா? பழைய ரிலேயாக இருந்தால் உள்ளே ஓர் அலுமினியத் தட்டு மெல்லச் சுழல்வதைக் கண்ணால் காணலாம். அதில் தூசு படிந்தாலே நேரம் தவறும். புதிய எண்முறை ரிலேயில் தட்டு இல்லை, திரையும் பொத்தான்களும்தான். அதில் சி.டி. 5 ஆம்பியர் வகையா, 1 ஆம்பியர் வகையா என்பதைத் தவறாகப் பதித்துவிட்டால் அத்தனை கணக்கும் பாழ்.

ரிலே பிழைத்தால் போதுமா? போதாது. அதன் கட்டளை பிரேக்கருக்குப் போய்ச் சேர்ந்து, பிரேக்கர் உண்மையில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். புத்தி வேலை செய்து, கைக்குப் போகும் நரம்பு அறுந்திருந்தால் என்ன பயன்? கடைசியில் சோதனைக்காக மாற்றிய அளவுகளைப் பழையபடி வைத்து, கழற்றிய இணைப்புகளை மீண்டும் பூட்டி, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சோதித்து முடித்துவிட்டு ஓர் இணைப்பைப் பூட்ட மறந்தால், சோதிக்காமலே விட்டிருக்கலாம்!

இன்னுமொரு நுட்பம் உண்டு. பழுதுக்கு மிக அருகில் இருக்கும் ரிலேதான் முதலில் செயல்பட வேண்டும். மேலே இருக்கும் பெரிய ரிலே சற்றுப் பொறுத்திருந்து, கீழே உள்ளவன் தவறினால் மட்டுமே கை வைக்க வேண்டும். தட்டு வகை ரிலேக்களில் ஏறக்குறைய 0.4 நொடி இடைவெளி விடுவது வழக்கம். ஒரு மோட்டார் பழுதானதற்கு ஆலை முழுவதும் நின்றால் என்ன ஆகும்? வெட்டி வந்த குலைகள் முற்றத்தில் குவியும். நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். குடும்பத்தில் மண்டோர் தீர்க்கக்கூடிய சச்சரவை துரை வரைக்கும் கொண்டு போகக் கூடாது என்பதுபோலத்தான் இதுவும்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன்?

பெற்றோர்களே! "கரண்டு வேலையா? உயிருக்கு ஆபத்தாச்சே!" என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. முறையாகக் கற்காமல் பார்த்துப் பார்த்துச் செய்பவருக்குத்தான் இந்த வேலை பெரிய ஆபத்து. மேலே சொன்ன ஒழுங்கைக் கையில் ஏற்றிக்கொண்டவரே பலருடைய ஆபத்தை நீக்குகிறார்.

இந்தத் தொழிலுக்குச் சட்டமே துணை நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள், பாதுகாப்பு ரிலேக்களைத் தகுதி பெற்ற ஒருவர் குறைந்தது 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதித்துச் சரிபார்க்க வேண்டும் என்று விதித்தன. ஆலை, மருத்துவமனை, பேரங்காடி என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை ரிலேக்கள்! எத்தனை சோதனைகள்! வேலை ஓயாது.

ஒயர்மேன், சார்ஜ்மேன் என்று படிப்படியாகத் தகுதிச் சான்றிதழ் பெறலாம்; எரிசக்தி ஆணையம் அதனை வழங்குகிறது. நம் வட்டாரத்திலேயே படிக்க வழி உண்டு. கோலசிலாங்கூரில் தொழிற்கல்லூரி இருக்கிறது. சபாக் பெர்ணம் மாவட்டத்தில் சுல்தான் இட்ரிஸ் ஷா போலிடெக்னிக்கில் மின்பொறியியல் துறை இருக்கிறது. சற்றுத் தள்ளி காஜாங், பாங்கிப் பக்கம் மின்சார வாரியம் 1976இல் தொடங்கிய இல்சாஸ் பயிற்சிக் கழகம் உண்டு. தெனாகா பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். பெண்பிள்ளைகளுக்கும் இது ஏற்ற தொழிலே. தோள்வலிமையைவிடப் பொறுமையும் கணக்கும் சுத்தமான எழுத்தும்தான் இதில் பேசும்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு சோதனைக் கருவிக்கு எத்தனை மாணவர்கள்? ஒவ்வொருவரும் தம் கையாலேயே ரிலேயில் அளவு வைத்துச் சோதிப்பார்களா, அல்லது ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்ப்பதோடு சரியா? பிரேக்கர் திறக்கும் வரை சோதனை நடக்குமா? இவற்றுக்கு நேரான பதில் இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும். நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியுமா?

உங்கள் வீட்டிலும் ஒரு காவலாளி

இவ்வளவும் ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். வரிசையாக நிற்கும் சிறு சுவிட்சுகளின் பக்கத்தில், "டி" என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தானோடு அகலமான ஒன்று இருக்கும். மின்கசிவுத் தடுப்பான் அது. நாம் பொதுவாக "டிரிப்" என்று சொல்வது இதைத்தான்.

இது என்ன செய்கிறது? வீட்டுக்குள் போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. ஈரக் கையோடு பழுதான கருவியைத் தொட்டவர் உடல் வழியே கொஞ்சம் தரைக்குக் கசிந்தால் கணக்குக் குறையும், உடனே துண்டித்துவிடும். 2,000 வாட் கெட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். சாதாரண சுவிட்சுக்கு அந்தச் சிறு கசிவு தெரியவே தெரியாது. ஆகவேதான் கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாததும், ஈரத் தரை உள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் அளவினதும் வேண்டும் என்று அதே விதிமுறைகள் வகுத்தன.

இந்தக் காவலாளியைச் சோதிக்க சான்றிதழ் வேண்டாம். மாதம் ஒரு முறை அந்தப் பொத்தானை அழுத்துங்கள். பட்டென்று கரண்டு போனால் அவன் விழித்திருக்கிறான். சுவிட்சை மேலே தூக்கிவிடுங்கள். அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? அன்றே உரிமம் பெற்ற ஒயர்மேனை அழையுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தப் பொத்தான் தடுப்பானை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்பதை ஒயர்மேன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடிக்கடி "டிரிப்" ஆகிறதே என்று சலித்து, அதைத் தாண்டி நேராகக் கம்பி இழுத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. குரைக்கிறது என்று வீட்டு நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து போட்டு உறங்குவது போன்றது அது. திருவிழாப் பந்தலிலும் கல்யாணக் கூடாரத்திலும் மழை ஈரத்தில் தற்காலிகமாக இழுக்கும் விளக்குகளுக்கு இந்தக் காவல் இன்னும் அவசியம். பந்தல் போடுபவரிடம், "தடுப்பான் இருக்கிறதா? அழுத்திக் காட்டுங்கள்" என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

வட சிலாங்கூரில் எங்கோ ஓர் ஆலையில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் இன்று ரிலேக்கு ஊசி போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, அளவைக் குறித்துக்கொண்டிருக்கலாம். அவருடைய வேலை நன்றாக இருந்தால் எந்தச் செய்தியும் வராது. எல்லோரும் மாலையில் பத்திரமாக வீடு திரும்புவார்கள். நம் பங்குக்கு நாமும் செய்ய ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தை மூடி வைத்ததும், சோற்றுப் பானை அடுப்பில் இல்லாத நேரமாகப் பார்த்து, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டு, அந்தப் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், அவர்களும் கற்றுக்கொள்ளட்டும்.